கோபம் வருகிற கம்ப்யூட்டர்

அத்தியாயம் ஒன்பது

"உங்க வீட்டு மெஷினுக்கு உடம்பு சரியில்லாமப் போகுமா?"

துப்பறியும் மேடம் இதைக் கேட்டபோது குதிரைக்காரிக்கு எரிச்சல்தான் வந்தது. திருடனைப் பிடிக்கக் கூப்பிட்டால், வந்தவர் வீட்டு மிக்ஸியை நலம் விசாரித்தால் யாருக்குத்தான் வராது?

"மேடம், நான் உங்களைக் கூப்பிட்டது என் கோச்சுக்கு எதிரா ஆதாரம் தேட. கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு இல்ல."

"ரிப்பேர்னா சார்ஜ் கம்மி. எதுக்கும் யோசிச்சுச் சொல்லுங்க" என்றான் பட்டாசு.

பட்டாசு, மேடத்தின் உதவியாளன். நாற்பது வயது ஆள். நாற்பது பேருக்கான வாய். கேரம் தவிர வேறு ஆட்டம் தெரியாது என்பதை வாசற்படி தாண்டும்போதே பெருமையாக அறிவித்துவிட்டு, சாப்பாட்டு மேஜை மேலிருந்த சதுரங்கப் பலகையில் யானையைத் தலைகீழாக நிறுத்த முயன்றுகொண்டிருந்தான். மேடம் அதற்கு நேர் எதிர். இன்சூரன்ஸ் கம்பெனியில், தானாக எரிந்த கடைக்கும் ஆள் வைத்து எரித்த கடைக்கும் வித்தியாசம் கண்டுபிடித்தே தலை நரைத்தவர். ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பதில் வந்த பிறகும் கொஞ்ச நேரம் எதிராளியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் பாதிப் பேர் உளறிக்கொட்டுவார்கள்.

குதிரைக்காரி என்பது சதுரங்க வட்டாரம் வைத்த பெயர். ராணியைக் கேட்டாலும் கொடுப்பாள், குதிரையைக் கொடுக்க மாட்டாள். பட்டத்துக்காக நடப்புச் சாம்பியனோடு ஆறு ஆட்டம் ஆட வேண்டும். இரண்டு முடிந்துவிட்டது, இரண்டிலும் தோல்வி. தோற்றதுகூட அவளுக்குப் பெரிதில்லை. மாதக்கணக்கில் அடைகாத்து வைத்திருந்த புதுத் திட்டத்தை அவள் எடுத்து வைத்தபோது, சாம்பியன் கன்னத்தைச் சொறிந்துகொண்டே, யோசிக்கக்கூட இல்லாமல் பதில் வைத்தாள். இரண்டு ஆட்டத்திலும் அதே கதை. பரீட்சைக்கு முன்பே கேள்வித்தாளைப் பார்த்தவள் எழுதுகிற மாதிரி.

யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். திட்டம் தெரிந்தவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான்: அவளுடைய கோச். அதனால்தான் இன்று காலை வந்தவரை வாசலிலேயே நிறுத்தி, "இனிமே வராதீங்க மாஸ்டர்" என்று சொல்லி அனுப்பினாள். சதுரங்கச் சங்கத்துக்குப் புகாரும் அடித்து வைத்தாயிற்று. மாலைக்குள் அனுப்பினால், மாஸ்டர் இனி எந்தப் பிள்ளைக்கும் பலகை விரிக்க முடியாது. மூன்றாவது ஆட்டம் நாளைக் காலை. அதையும் விட்டால் பட்டம் ஏறக்குறைய கை நழுவியது மாதிரிதான்.

"அந்தத் திட்டத்தை யார்கூடவும் ஆடிப் பார்க்கலையா?" என்றார் மேடம்.

"விருந்தாளிகூட மட்டும்."

"யாரு அது?"

குதிரைக்காரி மேஜையிலிருந்த லேப்டாப்பைக் காட்டினாள். "இதுதான். என் வீட்டுக்காரர் எனக்காக செட் பண்ணிக் கொடுத்தது. தினமும் சாயங்காலம் வந்து ஆடிட்டுப் போற மாதிரி இருக்கறதால அந்தப் பேரு."

"விருந்தாளின்னு பேர் வெச்சா, வீட்ல இருக்கறதை எல்லாம் பார்த்துட்டுத்தானே போகும்?" என்றான் பட்டாசு. யாரும் சிரிக்கவில்லை. யானையும் விழுந்துவிட்டது.

அந்த மெஷினின் கதையை அவள் சொன்னாள். சொல்லும்போதே குரலில் கொஞ்சம் கர்வம் எட்டிப் பார்த்தது. கணவன் மேல் வைத்த கர்வம். கடையில் வாங்கிய செஸ் சாஃப்ட்வேரை முழு வேகத்தில் விட்டால், யாரையும் பத்தே நிமிஷத்தில் துவைத்துக் காயப்போட்டுவிடும். அதோடு ஆடி ஒன்றும் கற்றுக்கொள்ள முடியாது. மட்டத்தைக் குறைத்தால் வேறு வம்பு. பத்து மூவ் பெரிய பண்டிதனாக ஆடும்; பதினோராவது மூவில் யானையைத் தூக்கிச் சும்மா கொடுக்கும். அவளுக்கு வேண்டியது சாம்பியன் மாதிரி ஆடுகிற மெஷின்; மனுஷி எவள் அப்படித் தப்பு செய்வாள்? கணவன் மென்பொருள் கம்பெனிக்காரன். யோசிக்கும் ஆழத்தைக் குறைத்துப் பார்த்தான், நேரத்தைக் குறைத்துப் பார்த்தான், முதல் தரமான மூவை விட்டு இரண்டாம் தரத்தை எடுக்கச் சொல்லிப் பார்த்தான், சாம்பியனின் பழைய ஆட்டங்களையெல்லாம் ஊட்டிப் பார்த்தான். இரண்டு மாதம் ஒன்றும் தேறவில்லை. அவள் தினமும், "இது என்ன குடிகார ஆட்டம்?" என்று சொல்லிவிட்டு எழுந்து போவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திடீரென்று எல்லாம் கூடி வந்துவிட்டது. அசல் சாம்பியன் மாதிரியே ஆட்டத்தைத் திறக்கிற முதல் மூவ்கள். சிப்பாய் மேல் அதே பேராசை. ஆட்டம் நீண்டால் அதே களைப்பு. பின்பக்கம் துள்ளும் குதிரையைக் கவனிக்காத அதே கண். அன்றைக்கு அவள் கணவனைக் கட்டிப்பிடித்து அழுதே விட்டாள். அவன் ஆபீசில் அதைப் பற்றி மேடை போட்டுப் பேச வைத்தார்கள். பத்திரிகையில் போட்டோகூட வந்தது; மேடமும் அதைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

"இப்போ என் கேள்விக்கு வாங்க. இதுக்கு உடம்பு சரியில்லாமப் போனதுண்டா?"

"போன மாசம் ரெண்டாவது வாரம் முழுக்க ஓடல. ஏதோ அப்டேட்னார்."

"வேற விசித்திரம் ஏதாவது?"

குதிரைக்காரி யோசித்தாள். "சில சமயம் ரொம்ப நேரம் எடுக்கும். ஒரு தடவை அதோட ராஜாவுக்கு செக் வெச்சேன். போக ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. அதுக்கும் நான் துணி காயப்போட்டுட்டு வர்ற வரைக்கும் யோசிச்சது. சூடாயிடுச்சுன்னு நினைச்சேன்."

"காபி சூடாயிருக்கும். குடிச்சிட்டு வந்திருக்கும்" என்றான் பட்டாசு.

மேடம் மட்டும் அவனைத் திரும்பிப் பார்த்தார். அவன் சொன்னது தமாஷாக இல்லாத மாதிரி ஒரு பார்வை. அப்புறம் பையைத் தோளில் மாட்டினார்.

"கோச்சைப் பார்க்கப் போறோம். நீங்களும் வாங்க."

"அந்த ஆள் மூஞ்சியில நான் முழிக்க மாட்டேன்."

"நீங்க முழிக்க வேண்டாம். உங்க காது மட்டும் வரட்டும்."

*

மாஸ்டரின் பயிற்சி அறை ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இருந்தது. கீழே யாரோ பெல்லைச் சரிபார்த்துக்கொண்டே இருந்தார்கள். குதிரைக்காரி மாடிப்படியில், கதவுக்கு வெளியே உட்கார்ந்தாள். பன்னிரண்டு வயதில் முதல் தடவை ஏறிய படி. இன்றைக்கு ஒட்டுக் கேட்பதற்காக உட்கார வேண்டியிருக்கிறதே என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது. ஆனால் அந்த மனிதர் செய்த துரோகத்தை நினைத்தபோது கூச்சம் போய்விட்டது.

"புகாரா? கொடுக்கட்டும்" என்று உள்ளேயிருந்து மாஸ்டரின் கரகரத்த குரல் கேட்டது. "நான் சங்கத்துக்குப் பதில் சொல்லிக்கறேன். ஆனா இன்னைக்கு ராத்திரி அந்தப் பொண்ணைத் தூங்கச் சொல்லுங்க. தோத்தா தூங்க மாட்டா. நாற்காலி சரியில்லம்பா, லைட் கண்ணைக் கூசுதும்பா. இந்தத் தடவை நாற்காலிக்குப் பதிலா நான் மாட்டிக்கிட்டேன்."

"கோபம் வரலையா சார் உங்களுக்கு?" இது பட்டாசு.

"வந்தது. காலையில வந்தது. வாசல்ல நிக்க வெச்சுப் பேசினாளே, தண்ணி வேணுமான்னுகூடக் கேக்காம. வரத்தான் செஞ்சது." காய்கள் பெட்டிக்குள் விழுகிற சத்தம். "நாளைக்கு அவ கறுப்புக் காய். அதுக்கு நான் ஒண்ணு யோசிச்சு வெச்சிருந்தேன். இனிமே அது எதுக்கு?"

குதிரைக்காரி கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். குற்றவாளி இப்படியா பேசுவான்? நடிப்பாக இருக்கும் என்று மனசுக்குச் சொல்லிப் பார்த்தாள். மனசு கேட்கவில்லை.

"அந்த மெஷினைப் பத்தி என்ன நினைக்கறீங்க?" என்றார் மேடம்.

"நல்லா ஆடுது. அதான் எனக்குப் பிடிக்கல. இது தப்பு பண்ணும்போதுகூட, மனுஷன் தப்பு பண்ற இடத்துல கரெக்டா பண்ணுது. எப்படி செட் பண்ணீங்கன்னு அவ வீட்டுக்காரர்கிட்ட ரெண்டு தடவை கேட்டேன். ரெண்டு தடவையும் காபி கொடுத்தார்."

"பதில் வரல?"

"காபி நல்லா இருந்தது."

"அது தோத்தா எப்படி?"

"அதைத்தான் சொல்ல வந்தேன். தோத்தா அடுத்த ஆட்டத்துல தலைகால் தெரியாம பாயும். ராஜாவுக்குக் கோட்டை கட்டாது, சிப்பாயை எல்லாம் முன்னாடி தள்ளும், வெட்டு வெட்டுன்னு வெட்டும். மெஷினுக்கு ரோஷம் வருதுன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொன்னேன். சிரிச்சா."

சிரித்தது ஞாபகம் இருந்தது. 'விருந்தாளி கோவிச்சுக்கிட்டார்' என்று கணவனிடம் சொல்லி, இரண்டு பேருமாகச் சிரித்ததும் ஞாபகம் இருந்தது. அவன் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தான் என்பது மட்டும் இப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

உள்ளே பட்டாசு சுவரில் எதையோ தட்டினான். "சார், இந்தப் போஸ்டர்ல கோப்பையும் கையுமா சிரிக்கறது யாரு?"

"யாரா? நடப்புச் சாம்பியன்ப்பா. போன மாசம் ரெண்டாவது வாரம் வெளிநாட்டுல போய் ஜெயிச்சிட்டு வந்தாளே, அந்தப் போட்டி."

கீழே சைக்கிள் பெல் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. விருந்தாளி ஓடாமல் கிடந்ததும் அதே வாரம்தான் என்று குதிரைக்காரிக்கு உறைத்தது. அந்த நினைப்பு வந்த வேகத்திலேயே அதை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். ஏனென்றால் அந்த நினைப்பு போய் நிற்கிற இடம் அவள் வீடு.

திரும்பும் வழியில் மேடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"உங்க வீட்டுக்காரர் எப்போ வருவார்?"

*

அவன் சிரித்த முகத்தோடுதான் வந்தான். நாளைக்கு நாற்காலியில் முதுகுக்கு வைத்துக்கொள்ள ஒரு மெத்தை வாங்கி வந்திருந்தான். விருந்தினர்களுக்கு வணக்கம் சொன்னான். காபி போடட்டுமா என்று கேட்டான். பட்டாசு மேடத்தைப் பார்த்துக் கண்ணடித்தான்.

"அந்தப் புகாரை அனுப்பிட்டியாம்மா?" என்று மனைவியிடம் கேட்டான்.

"இன்னும் இல்ல."

"அனுப்பிடு. நாளைக்கு ஆட்டத்தை வெச்சுக்கிட்டு இதையே நினைச்சிட்டிருக்காதே."

அக்கறையாகத்தான் சொன்னான். அந்த அக்கறை அவளுக்கு ஏன் பிடிக்கவில்லை என்று அப்போது புரியவில்லை. அல்லது புரிந்துகொள்ள அவளுக்கு விருப்பமில்லை.

"ஒரு சின்ன உதவி. உங்க மெஷின்கிட்ட என் ஆள் ஒரு ஆட்டம் ஆடிப் பார்க்கட்டும்" என்றார் மேடம்.

"ஐயோ, அது முடியாதே மேடம். அது இவளோட ஆட்டத்துக்குன்னே ட்யூன் பண்ணது. வேற யாராவது ஆடினா செட்டிங் கலைஞ்சிடும்."

"ஆடட்டுமே. கலைஞ்சா திரும்ப செட் பண்ணிக்கலாம். நீதான் கில்லாடியாச்சே" என்றாள் குதிரைக்காரி.

அவன் ஒரு கணம் அவளைப் பார்த்தான். "சரி. சர்வரை ஆன் பண்ணிட்டு வந்துடறேன்" என்று போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனான். தினமும் போவதுதான். தினமும் அவள் காய்களை அடுக்கிக்கொண்டிருப்பாள், நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள். இன்றைக்குக் கண்ணாடிக் கதவு வழியாக அவன் கட்டைவிரலைப் பார்த்தாள். சர்வரை ஆன் பண்ணுகிற விரல் அவ்வளவு நேரமா தட்டச்சு செய்யும்?

பட்டாசு லேப்டாப்பின் முன் உட்கார்ந்து கையைத் தேய்த்துக்கொண்டான். "மேடம், இதுல ஸ்ட்ரைக்கர் எது?"

"எது பெரிசா இருக்கோ அதை எடுத்து அடி."

ராஜாவுக்கு முன்னாலிருந்த சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினான். விருந்தாளி உடனே பதில் வைத்தது. பட்டாசு ராணியைத் தூக்கிக்கொண்டு பலகையின் ஓரத்துக்கு ஓடினான். விருந்தாளி கொஞ்சம் தயங்கி ஒரு குதிரையை வெளியே எடுத்தது. குதிரைக்காரியின் கணவனுடைய சட்டைப்பையில் போன் லேசாக அதிர்ந்தது. அவன் அதைக் கையால் மூடினான்.

"எதிர்ல ஒரு சிப்பாய். பின்னாடி யானை காவல் நிக்குது. நமக்கென்ன பயம்?" என்று பட்டாசு ராணியாலேயே அந்தச் சிப்பாயை வெட்டினான்.

சதுரங்கம் படித்த முதல் நாள் பிள்ளைகூட யானையால் அந்த ராணியை எடுத்திருக்கும். எந்த மட்டத்துக்கு இறக்கிய மெஷினும் எடுத்திருக்கும். விருந்தாளி எடுக்கவில்லை. திரையில் கடிகாரம் மட்டும் ஓடியது.

"என்னங்க இது? ஓசியில கெடச்சா பினாயிலைக்கூடக் குடிக்கிற உலகத்துல, ராணியைச் சும்மா கொடுத்தா வேண்டாங்குது!"

சட்டைப்பை மறுபடி அதிர்ந்தது. இன்னொரு தடவை. இந்தத் தடவை மூடிப் பயனில்லை, எல்லோரும் அந்தப் பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மெஷினுக்கு எதிர்ல யார் உக்காந்தாலும் ஒண்ணுதான். எதிராளி மாறினா திகைக்கிறது மனுஷங்க மட்டும்தான்" என்றார் மேடம் மெதுவாக.

"போனைக் கொடு" என்றாள் குதிரைக்காரி.

"ஆபீஸ் மெசேஜ்ம்மா..."

"கொடு."

கொடுத்தான். அனுப்பிய ஆளின் பெயர் 'சர்வர்' என்று பதிந்திருந்தது. மூன்று செய்திகள். 'என்ன ஆச்சு?' அப்புறம், 'இது அவங்க ஆட்டம் இல்லையே.' கடைசியாக, 'உங்க மனைவி இடத்துல யாரை உக்கார வெச்சிருக்கீங்க?'

அவள் அந்தப் பெயரை அழுத்தி, போனை மேஜை மேல் வைத்தாள். இரண்டாவது மணியிலேயே எடுக்கப்பட்டது.

"நாளைக்கு ஆட்டத்தை வெச்சுக்கிட்டு என்ன விளையாட்டு இது? அவங்களை உக்கார வைங்க. எனக்கு நேரமில்ல."

கட்டைக் குரல். இரண்டு ஆட்டத்துக்கு முன்பும் கை குலுக்கியபோது, 'ஆல் த பெஸ்ட்' என்று சொன்ன அதே குரல். சாம்பியன்.

குதிரைக்காரி அழைப்பைத் துண்டித்தாள். பட்டாசு எதையோ சொல்ல வாயைத் திறந்தான். மேடம் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

"மெஷின் வரலைம்மா" என்றான் கணவன். நின்ற இடத்திலேயே சுருங்கிப்போயிருந்தான். "ரெண்டு மாசம் முட்டி மோதினேன். நீ தினமும் பாதியில எழுந்து போனே. ஒரு தடவை, 'உனக்கு இதுவும் வராதா?'ன்னு கேட்டே. ஞாபகம் இருக்கா? அதான் செஸ் சைட்ல ஒரு விளம்பரம் போட்டேன். சாம்பியன் மாதிரி ஆடற ஒருத்தர் வேணும், பேர் விவரம் கேக்க மாட்டோம்னு."

"மாதிரி கேட்டீங்க. அசலே வந்துட்டா" என்றார் மேடம். "பட்டத்துக்கு மோதப் போற சமயத்துல சாம்பியன் மாதிரி ஆடற ஆளை யார் தேடுவாங்கன்னு சாம்பியனுக்குத் தெரியாதா?"

"அவதான்னு எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. மறுநாளே இவகிட்ட சொல்லிடலாம்னுதான் இருந்தேன். இவ கட்டிப்பிடிச்சு அழுதா. அப்புறம் ஆபீஸ்ல மேடை, பேப்பர்ல போட்டோ... எப்படிச் சொல்றது?"

"அவதான்னு எப்போ தெரிஞ்சது?" என்றாள் குதிரைக்காரி.

அவன் பால்கனிக் கதவைப் பார்த்தான்.

"எப்போ?"

"முதல் ஆட்டம் முடிஞ்ச அன்னைக்கு. உன் புதுத் திட்டத்துக்கு யோசிக்காமலே பதில் வெச்சாளே, அதைப் பார்த்தப்போ. நிறுத்தறேன்னு சொன்னேன். நிறுத்தினா உன்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடுவேன்னா."

"அப்போ ரெண்டாவது ஆட்டத்துக்கு முன்னாடி நாள், நான் உக்காந்து ஆடினேனே..."

"ஆமா."

அவளுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்த வரவில்லை. ஒரு ஆட்டம் தோற்றது மட்டும்தான் என்றால்கூட விட்டுவிடலாம். அவளுக்குள் வேறொன்று எழும்பி வந்தது.

"காலையில மாஸ்டரை வாசல்ல நிக்க வெச்சுப் பேசினேன். நீ எங்க இருந்தே?"

"உன் பின்னாடிதான்."

பின்னால்தான் நின்றிருந்தான். அவள் தோளில் கை வைத்திருந்தான். மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு படி இறங்கியபோது, தோளை மெல்ல அழுத்தி, 'விடும்மா, சில பேர் இப்படித்தான்' என்று சொன்னான். அந்தக் கையின் சூடு இன்னும் தோளில் இருக்கிற மாதிரி இருந்தது. அவள் துப்பட்டாவால் தோளை அழுத்தித் துடைத்தாள். சாம்பியன் எதிரி, எதிரி செய்கிற வேலையைச் செய்தாள். இவன்?

புகாரை அழித்தாள். பிறகு மாஸ்டருக்குப் போன் போட்டாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். மன்னிப்பு என்ற வார்த்தைக்கு வந்தபோது மாஸ்டர் குறுக்கிட்டார்.

"அதை அப்புறம் கேக்கறேன், நிறையக் கேக்கணும். இப்போ இதைச் சொல்லு. அந்த விருந்தாளியை நீ எத்தனையோ தடவை ஜெயிச்சிருக்கே இல்ல?"

"பாதிக்குப் பாதி ஜெயிச்சிருக்கேன்."

"அப்போ சாம்பியனைப் பாதிக்குப் பாதி ஜெயிச்சிருக்கேன்னு அர்த்தம். பயமில்லாம ஆடினதால. அவ உன்னைப் படிச்சா, சரி. நீயும் அவளை முழுசாப் படிச்சிட்டே, தெரியாமலே. தோத்தா அடுத்த ஆட்டம் எப்படி ஆடுவா?"

குதிரைக்காரி நிமிர்ந்தாள். கோட்டை கட்ட மாட்டாள். சிப்பாய்களை முன்னே தள்ளுவாள். தலைகால் தெரியாமல் பாய்வாள்.

"காலையில சீக்கிரம் வாங்க மாஸ்டர்" என்று போனை வைத்தாள். கணவனின் போனை அவன் பக்கம் தள்ளினாள். "பக்கத்து வீட்டுக்காரர் விளையாட்டுக்குத் தொட்டுட்டார், போனும் அவர்தான் பண்ணிட்டார்னு அனுப்பு. நான் வந்துட்டேன்னு சொல்லு. எதுவும் தெரியாதுன்னு சொல்லு. நல்லாப் பொய் சொல்லுவியே."

அவன் அனுப்பினான். பதில் வந்தது. குதிரைக்காரி உட்கார்ந்தாள்.

ரகசியத் திட்டம் எதையும் அவள் எடுக்கவில்லை. பழைய, ஊருக்கே தெரிந்த ஆட்டத்தைத்தான் ஆடினாள். ஆனால் இந்தத் தடவை திரைக்குப் பின்னால் இருந்த முகம் தெரிந்தது. எங்கே தயங்கினால் என்ன அர்த்தம் என்று தெரிந்தது. விருந்தாளி ஆசைப்பட்டு ஒரு சிப்பாயை எடுத்தது. இன்னொன்றையும் எடுத்தது. முன்னே போயிருந்த அவள் குதிரை துள்ளிப் பின்னால் வந்தது. ராஜாவுக்கும் ராணிக்கும் ஒரே நேரத்தில் குறி வைத்தது. அதை விருந்தாளி கவனித்திருக்கவில்லை. என்றைக்குமே கவனித்ததில்லை.

நீண்ட நேரம் கடிகாரம் ஓடியது. பிறகு திரையில் 'தோல்வியை ஒப்புக்கொள்கிறேன்' என்று வந்தது. உடனே, மேஜை மேலிருந்த போன் கோபமாக அதிர்ந்தது: 'இன்னொரு ஆட்டம்.'

"நாளைக்கு" என்று அவள் வாய்விட்டுச் சொல்லி லேப்டாப்பை மூடினாள். "மிச்சக் கோபத்தை அங்க வந்து காட்டட்டும்."

மேடம் எழுந்தார். போகும்போது அவள் தோளைத் தட்டப் போய், ஏதோ தோன்றி, கையை எடுத்துக்கொண்டார். கணவன் அந்த முதுகு மெத்தையை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றான். இரண்டு ஆட்டத்துக்கும் அவன்தான் முன் வரிசையில் உட்கார்ந்து கை தட்டியவன்.

"நாளைக்கு... நான் வரட்டுமாம்மா?"

கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவனை அவள் 'நீ' என்றுதான் கூப்பிடுவாள். சண்டையிலும் அதுதான், கொஞ்சலிலும் அதுதான். இப்போது, வாசலுக்கு வந்த புது ஆளைப் பார்க்கிற மாதிரி அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"வாங்க. முன் வரிசையிலயே உக்காருங்க. அவளுக்குச் சந்தேகம் வரக்கூடாது. நான் ஜெயிச்சா கை தட்டுங்க, தோத்தாலும் கை தட்டுங்க. ஆட்டம் முடிஞ்சு, வீட்டுக்கு மட்டும் என்கூட வராதீங்க."

பட்டாசு மேஜைக்குப் போனான். பலகையில் தான் கவிழ்த்துப் போட்டிருந்த யானையை எடுத்து, அது இருக்க வேண்டிய கட்டத்தில் சத்தமில்லாமல் நிறுத்திவிட்டு, மேடத்தின் பின்னால் படி இறங்கினான்.